வெயில், மழை, வீழ்ச்சி: எமது வீதிகளுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் ஜக்கெட்டை எப்படித் தெரிவு செய்வது?

வடக்கிலும் கிழக்கிலும் ஒரு குடும்பத்தின் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிளின் மீதுதான் நடக்கிறது. பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும், மீனைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், வயலுக்கு உரம் ஏற்றுவதும், அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை எமது தலைமுறை மறந்திருக்காது. அன்று புகை கக்கியபடி குன்றும் குழியுமான பாதையில் ஊர்ந்த வாகனம், இன்று ஏ-9 இலும் ஏ-35 இலும் காப்பற் வீதியில் 70, 80 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. வீதி மாறிவிட்டது, வேகமும் மாறிவிட்டது. ஓட்டுபவர் போட்டிருக்கும் உடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலை நிமித்தம் பல ஆண்டுகளாகக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் வாரத்தில் நான்கைந்து நாள் ஓடுகிறேன். மாரியும் கோடையும் அந்த வீதியில் எப்படி இருக்கும் என்பது உடம்புக்குத் தெரியும். கடையடியில் நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணை, உந்த ஜக்கெட் எங்கை எடுத்தனீங்கள்? வெக்கையாய் இல்லையோ?" அந்த இரண்டு கேள்விகளுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரில் ஒருவரை, இருவரை இழந்த குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே உழைப்பாளியின் கையும் காலும்தான் அந்த வீட்டின் சேமிப்பு. அந்தக் கை ஆறு வாரம் கட்டுப்போட்டுக் கிடந்தால் கூலி நிற்கும். கடன் தவணை நிற்காது. உயிராபத்து இல்லாத ஒரு சிறு விபத்துக்கூட அப்படியான ஒரு வீட்டை மீண்டும் பூச்சியத்துக்குக் கொண்டுபோய் விடும். தலைக்கவசம் பற்றிச் சட்டம் இருக்கிறது, பொலிஸாரும் பார்க்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள உடம்பைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும்.

விழும்போது என்ன நடக்கிறது?

மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர். அந்த வேகத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால், வேறு எதிலும் மோதாவிட்டால், இரண்டு மூன்று வினாடிகள் வீதியில் சறுக்கிச் சென்று சுமார் 20 மீற்றருக்கு அப்பால்தான் நிற்பார். இதில் உடம்புக்கு இரண்டு விதமான சேதம் ஏற்படுகிறது.

முதலாவது, நிலத்தில் மோதும் அடி. விழுகிறவர் இயல்பாகவே கையை ஊன்றுவார். தோளும் முழங்கையும் இடுப்பும் முழங்காலும் அடுத்தடுத்து அடிபடும். எலும்பு முறிவும் மூட்டு விலகலும் இதில்தான் நேர்கின்றன. இரண்டாவது, சறுக்கும்போது ஏற்படும் தேய்வு. தார் வீதியின் மேற்பரப்பு அரத்தைப் போன்றது. சாதாரணப் பருத்திச் சேர்ட் ஒரு வினாடியைக்கூடத் தாங்காது. அதன் பிறகு தேய்வது தோல். கிரவல் வீதியென்றால் சல்லியும் செம்மண்ணும் காயத்துக்குள் புகுந்துவிடும். அதைத் தேய்த்துக் கழுவி எடுக்கும் வேதனையை அனுபவித்தவர்களுக்கே தெரியும். முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளின் மேல் தோல் ஆழமாகப் போய்விட்டால் தழும்பு இறுகி, கையை மடக்குவதும் நீட்டுவதும் சிரமமாகும்.

ஆகவே ஒரு நல்ல ஜக்கெட் செய்ய வேண்டிய முதல் வேலைகள் இரண்டு: கிழியாமல் தேய்வைத் தாங்குவது, மூட்டுகளில் விழும் அடியை உறிஞ்சுவது. மழையும் வெயிலும் அதற்குப் பிறகுதான். ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துவராத ஜக்கெட்டை எவரும் தினமும் போட மாட்டார்கள். வீட்டில் ஆணியில் தொங்கும் ஜக்கெட் யாரையும் காப்பாற்றாது.

இப்போது நாம் போடுவது என்ன?

எமது வீதிகளில் பொதுவாக மூன்று வகை உடுப்புகளைக் காணலாம்.

ஒன்று, வெயிலுக்காக முன்பின்னாகப் போடும் நீளக்கைச் சேர்ட் அல்லது மெல்லிய ஜக்கெட். வெயிலையும் காற்றையும் மறைக்கும். விழுந்தால் பயனில்லை. முதுகுப்புறம் திறந்து கிடப்பதால் காற்றில் ஊதி, விழும்போது மேலே சுருண்டும் விடும்.

இரண்டாவது, பொலித்தீன் அல்லது றெக்சின் மழைக்கோட்டு. மழைக்கு நல்லது. ஆனால் உள்ளே வியர்வை வெளியேற வழியில்லை; தேய்வுக்குக் காகிதம் போலக் கிழியும்.

மூன்றாவதுதான் எம்மவர் அதிகம் ஏமாறுவது: கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வரும் குளிர்கால ஜக்கெட். தடிப்பாக இருப்பதால் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். அந்தத் தடிப்பு முழுவதும் பஞ்சும் இறகும்தான். அவற்றின் வேலை உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது. வெளித்துணியோ மிக மெல்லிய நைலோன் அல்லது பொலியெஸ்ரர். இவை 220 தொடக்கம் 260 பாகை செல்சியஸ் அளவில் உருகுபவை. வேகமாகச் சறுக்கும்போது உராய்வுச் சூட்டில் மெல்லிய துணி உருகிக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். பனிக்கு உதவும் உடுப்பு வீதிக்கு உதவாது. மார்கழிப் பனியில் காலையில் ஓட அது இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதைப் பாதுகாப்பு உடை என்று எண்ணி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

துணியைப் பார்ப்பது எப்படி?

மோட்டார் சைக்கிளுக்கென்றே தயாரிக்கப்படும் ஜக்கெட்டுகள் மூன்று பிரதான வகை.

தோல் ஜக்கெட்: 1.2 தொடக்கம் 1.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள மாட்டுத்தோல் தேய்வைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. ஆனால் எமது வெக்கையில் தினமும் போடக்கூடியதல்ல. நனைந்தால் பாரம் கூடும், காய நாளெடுக்கும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

நெய்த துணி ஜக்கெட்: இதன் லேபலில் 500, 600 போன்ற எண்களோடு "டெனியர்" என்ற சொல் இருக்கும். 9,000 மீற்றர் நீளமான நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிப்பானது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கோடுரா போன்ற உறுதியான நைலோன் நூல், அதே டெனியர் கொண்ட சாதாரணப் பொலியெஸ்ரரை விடத் தேய்வை அதிகம் தாங்கும். கெவ்லர் போன்ற அரமிட் இழைகள் உருகுவதில்லை. அவற்றைத் தோளிலும் முழங்கையிலும் உட்பக்கமாக வைத்துத் தைத்திருப்பார்கள்.

வலைத்துணி ஜக்கெட்: மார்பிலும் முதுகிலும் கையின் உட்பக்கத்திலும் காற்றுப் புகும் வலை, தோள், முழங்கை போன்ற அடிபடும் இடங்களில் தடித்த துணி. எமது காலநிலைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வலைப்பகுதி தேய்வைச் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். இருந்தாலும் தினமும் போடக்கூடிய வலை ஜக்கெட், போடவே முடியாத தோல் ஜக்கெட்டை விட மேலானது.

கடையில் துணியைக் காட்டிலும் தையலைக் கவனமாகப் பாருங்கள். விழும்போது பெரும்பாலும் முதலில் பிரிவது தையல்தான். தோளிலும் கையின் வெளிப்பக்கத்திலும் இரட்டை அல்லது மூன்று வரித் தையல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தையலின் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது.

லேபலும் காப்புத் துண்டுகளும்

ஐரோப்பாவில் விற்கப்படும் மோட்டார் சைக்கிள் ஜக்கெட்டுகளுக்கு ஈஎன் 17092 என்ற தரநிர்ணயம் உண்டு. அது ஜக்கெட்டுகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. உச்ச வகுப்பு ஏஏஏ, அடுத்தது ஏஏ, அதற்கும் அடுத்தது ஏ. அதிகம் அடிபடும் பகுதிகளின் துணியை ஏஏஏ வகுப்புக்கு மணிக்கு சுமார் 120 கிலோமீற்றர், ஏஏ வகுப்புக்கு சுமார் 70 கிலோமீற்றர், ஏ வகுப்புக்கு சுமார் 45 கிலோமீற்றர் வேகத்துக்கு ஈடான தேய்வில் பரிசோதிக்கிறார்கள். பி என்ற வகுப்பில் தேய்வுக்கான பாதுகாப்பு உண்டு, காப்புத் துண்டுகள் இல்லை. சி என்பது காப்புத் துண்டுகளைத் தாங்கும் உள்ளுடுப்பு மட்டுமே.

வலை ஜக்கெட்டுகள் பெரும்பாலும் ஏ வகுப்பிலும், நல்லவை ஏஏ வகுப்பிலும் வரும். எமது வீதிகளுக்கு ஏஏ கிடைத்தால் மிக நல்லது, ஏ கிடைத்தாலும் சேர்ட்டோடு ஒப்பிடவே முடியாது.

காப்புத் துண்டுகள் தோளிலும் முழங்கையிலும் உள்ள பைகளுக்குள் இருக்கும். வெளியே எடுத்துப் பாருங்கள். உண்மையான துண்டின் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிறு படமும் ஈஎன் 1621-1 என்ற எண்ணும் 1 அல்லது 2 என்ற மட்டமும் அச்சாகியிருக்கும். 50 ஜூல் சக்தியுள்ள அடியை அதன் மேல் விழுத்தி, மறுபக்கம் கடக்கும் விசையை அளக்கிறார்கள். முதலாம் மட்டத்தில் அது சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படக் கூடாது. இரண்டாம் மட்டத்தில் 20 கிலோநியூட்டனுக்கு மேற்படக் கூடாது. மட்டம் 2 என்றால் எலும்புக்குப் போகும் அடி கணிசமாகக் குறைவு என்று விளங்கிக்கொண்டால் போதும். கூடவே ஆங்கில எழுத்துகளும் இருக்கும்: எஸ் என்றால் தோள், ஈ என்றால் முழங்கை, கே என்றால் முழங்கால்.

இன்னொரு குறியையும் தேடுங்கள்: ரி எழுத்தும் அதன் அருகே கூட்டல் அடையாளமும். அந்தத் துண்டு 40 பாகை செல்சியஸ் சூட்டிலும் பரிசோதிக்கப்பட்டது என்பது அதன் பொருள். மென்மையான காப்புத் துண்டுகள் சில சூட்டில் இளகி, அடியைத் தாங்கும் திறனை இழக்கும். குளிர்நாட்டவர்களுக்கு இது பெரிய விடயமல்ல. எங்களுக்கு முக்கியம்.

முதுகுப் பையைத் திறந்து பார்க்க மறக்க வேண்டாம். பல ஜக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பொஞ்ச் ஒன்றுதான் இருக்கும். அது பையின் வடிவத்தைக் காட்ட வைத்தது, பாதுகாப்பு அல்ல. முதுகுக் காப்பின் தர எண் ஈஎன் 1621-2. அந்த எண் இல்லாவிட்டால் தனியாக வாங்கிப் போட வேண்டும். சந்தையில் சீ.ஈ. என்ற இரண்டெழுத்தை மட்டும் அச்சிட்ட போலிகளும் உண்டு. தர எண்ணும் மட்டமும் படமும் இல்லாமல் அந்த இரண்டெழுத்து மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

வெக்கை

சித்திரை வைகாசியில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டும்போது, வீசும் காற்று உடம்பின் தோலை விடச் சூடாக இருக்கலாம். அந்நேரம் வெறும் கையோடு ஓடினால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. வியர்வை உடனே உலர்ந்து உடம்பு நீரை இழக்கிறது. வலை ஜக்கெட்டுக்குள் ஒரு பருத்தி ரி-சேர்ட்டை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், காற்று மெதுவாகப் புகுந்து அந்த ஈரத்தை உலர்த்தும்போது உடம்பு குளிரும். நீண்ட தூரம் போகிற நாட்களில் நான் செய்வது இதுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று தண்ணீர் குடிப்பதும் கட்டாயம்.

நிறத்திலும் கவனம் தேவை. கறுப்பு வெயிலை உறிஞ்சும், இரவில் தெரியாது. வெளிர் சாம்பல் நல்லது. செம்மண் புழுதிக்கு அது அழுக்காகும்தான். சோளகக் காற்றுக் காலத்தில் எந்த நிறமும் செம்மண் நிறம்தான்.

மழை

"எல்லாக் காலநிலைக்கும்" என்று விளம்பரப்படுத்தும் ஜக்கெட்டுகள் மூன்று படைகளாக வரும்: வெளித்துணி, நீர் புகாத படை, குளிருக்கான படை. குளிருக்கான படை எமக்குத் தேவையில்லை. கழற்றி அலுமாரியில் வைத்துவிடலாம்.

நீர் புகாத படையில்தான் விடயம் இருக்கிறது. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகள் மழையைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடும். ஆனால் ஆவி வெளியேறுவதற்கு உள்ளே ஈரப்பதன் கூடவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் அந்த வேறுபாடு பெரிது. எமது ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியேயும் வெதுவெதுப்பு, ஈரம். சவ்வு வேலை செய்வதற்கான வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே விலையுயர்ந்த சவ்வுக்காக எமது நிலத்தில் பெரும் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

பல ஜக்கெட்டுகளில் இந்த நீர்புகாப் படை உள்ளே பொருத்தப்படும். அப்போது வெளித்துணி முழுவதும் நீரைக் குடித்துப் பாரமாகிறது. உடம்பு நனையாவிட்டாலும் அந்த ஈரத்தில் காற்றுப் பட்டுக் குளிர் எடுக்கும். அடுத்த நாள் காலையிலும் அது காய்ந்திருக்காது. மழையென்று தெரிந்தும், வீதியோரத்தில் நின்று ஜக்கெட்டைக் கழற்றி உள்ளே சிப் போட்டுப் பொருத்த வேண்டிய தொல்லையும் உண்டு.

இதைவிட எளிய வழி: வலை ஜக்கெட்டும், அதற்கு மேலால் போடக்கூடிய அகன்ற மழைக்கோட்டும். மழை தூறத் தொடங்கியதும் நிறுத்தி மேலால் போட்டுக்கொள்ளலாம், விட்டதும் கழற்றிச் சீற்றுக்குக் கீழே வைக்கலாம். காப்புத் துண்டுகள் உள்ளே காய்ந்தபடி இருக்கும். மழைக்கோட்டு வாங்கும்போது வழக்கத்தை விட இரண்டு அளவு பெரிதாக, ஜக்கெட்டைப் போட்டபடியே அளந்து வாங்குங்கள். முன்பக்கச் சிப்புக்குப் பின்னால் ஒரு மடிப்பு இருக்க வேண்டும். தையல்களின் உட்பக்கம் நீர்புகா நாடா ஒட்டியிருக்க வேண்டும். கழுத்தும் மணிக்கட்டும் வெல்குரோவால் இறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மழையில் கையுறையைக் கோட்டின் கைக்குள் செருகுங்கள்; வெளியே விட்டால் கையால் வழியும் தண்ணீர் கையுறைக்குள் தேங்கும்.

இருட்டும் கட்டாக்காலி மாடுகளும்

வன்னியில் இரவு ஓடுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூடான தார் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் பெட்டி, நெல் காயப்போட்ட பாதி வீதி. நாம் அவற்றைக் காண்பதற்கு எமது முன்விளக்கு வேண்டும். மற்றவர்கள் எம்மைக் காண்பதற்கு ஜக்கெட் உதவும்.

இங்கே இரண்டு வேறு பொருட்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள் நிறத் துணி பகலில்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரால்தான் அது அப்படி ஒளிர்கிறது. இரவில் அதனால் பெரிய பயனில்லை. இரவுக்கு வேண்டியது சாம்பல் நிற ஒளிதெறிப்புப் பட்டி. வாகன விளக்கின் ஒளி விழுந்தால் அதே திசையில் திருப்பி அனுப்பும். அது முதுகில் மட்டுமல்லாமல் இரு கைகளிலும் இருக்க வேண்டும். முதுகில் பை கொழுவினால் முதுகுப் பட்டி மறைந்துவிடும். ஜக்கெட்டில் பட்டி இல்லாவிட்டால் வீதி வேலைக்காரர்கள் போடும் ஒளிதெறிப்பு அங்கியை மேலால் போடலாம். செலவு சொற்பம்.

காயங்களோடு ஓடுபவர்களுக்கு

இது எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் இல்லாத பகுதி. எமது வீதிகளில் ஓடுபவர்களில் பலர் முழு உடம்போடு ஓடுபவர்கள் அல்லர்.

தீக்காயம் பட்டு, தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடங்களில் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதில்லை. முதுகிலோ மார்பிலோ பெரிய பரப்பில் அப்படியான தழும்பு உள்ளவருக்கு உடம்பு விரைவில் சூடேறும். அவர் வலை ஜக்கெட் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தழும்புத் தோல் இலகுவில் உரியும் என்பதால் உட்துணி வழுவழுப்பாக இருக்க வேண்டும். சிப்பின் நுனி, வெல்குரோவின் முரட்டுப் பக்கம் ஆகியவை தழும்பில் படக்கூடாது.

தோளிலோ முதுகிலோ ஷெல் துண்டை இன்னும் சுமந்துகொண்டிருப்பவர்கள், காப்புத் துண்டு அந்த இடத்தை அழுத்துகிறதா என்று கடையிலேயே பத்து நிமிடமாவது போட்டுப் பாருங்கள். வலிக்குமானால் அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டாம்; பையை இரண்டு விரல் தள்ளித் தைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தயக்கம் இருந்தால் உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள்.

முழங்கைக்குக் கீழே செயற்கைக் கை பொருத்தியவர்களுக்கு மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நீளமான சிப் உள்ள கை வசதியானது. கை இழந்து, பின்னால் அமர்ந்து செல்பவர்கள் ஜக்கெட்டின் வெறுங்கையைத் தொங்க விடுவது ஆபத்து. அது சக்கரத்திலோ செயினிலோ சிக்கலாம். கையை அளவுக்கு வெட்டி மூடித் தைத்து, முழங்கைக் காப்புத் துண்டை மிஞ்சிய கையின் நுனியில் வரும்படி பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். விழும்போது அந்த நுனிதான் முதலில் நிலத்தில் படும். தடித்த ஊசியுள்ள மெஷின் வைத்திருக்கும் எந்தத் தையற்காரராலும் இதைச் செய்ய முடியும். பை தைப்பவர்களும் சீற் கவர் அடிப்பவர்களும் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

பெண்கள், பின்னால் இருப்பவர்கள்

ஆசிரியைகளும் தாதியரும் வெளிக்கள உத்தியோகத்தர்களும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களும் இன்று ஸ்கூட்டியில் நாளாந்தம் நீண்ட தூரம் ஓடுகிறார்கள். கடைகளில் இருப்பவை அநேகமாக ஆண்களின் அளவு. அதைப் போட்டால் தோள் காப்பு புயத்துக்கு இறங்கும், முழங்கைக் காப்பு மணிக்கட்டை நோக்கிச் சரியும். இடம் மாறிய காப்பு, இல்லாத காப்புக்குச் சமம். பெண்களுக்கான வெட்டுக் கிடைக்காவிட்டால் ஆண்களின் சிறிய அளவை எடுத்து, புயத்திலும் முன்கையிலும் இறுக்கும் பட்டி உள்ளதாகத் தெரிவு செய்யலாம். சேலையோடு ஓடுபவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தலைப்பை ஜக்கெட்டுக்குள் முழுவதும் அடக்கிவிட்டால் சக்கரத்தில் சிக்கும் பயம் இல்லை. விழுந்தால் பின்னால் இருப்பவரும் அதே வீதியில்தான் சறுக்குவார். இரண்டு ஜக்கெட் வாங்க முடியாவிட்டால், அதிக தூரம் செல்பவருக்கு முதலில் வாங்குங்கள்.

பழைய பயம்

தடித்த ஜக்கெட் என்றாலே தயங்குபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அதற்குக் காரணம் வெக்கை மட்டுமல்ல. உடம்பை மறைக்கும் தடித்த உடுப்போடு சோதனைச்சாவடியை நெருங்குவதே உயிராபத்தாக இருந்த காலத்தை ஓமந்தையிலும் முகமாலையிலும் கடந்தவர்கள் நாம். "அங்கி" என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் இருந்தது. அந்தப் பயத்தைப் பகிடி பண்ணி ஒருவரை மாற்ற முடியாது. முன்பக்கம் இலகுவாகத் திறக்கும், உடம்போடு ஒட்டிய, வெளிர் நிற வலை ஜக்கெட் அப்படியானவர்களுக்கு ஓரளவு ஆறுதல் தரும்; அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

ஆனால் ஒரு விடயத்தில் கட்டாயம் அவதானம் வேண்டும். இணையத்திலும் வெளிநாட்டுக் கடைகளிலும் உருமறைப்பு நிறத்தில், இராணுவச் சீருடையை ஒத்த ஜக்கெட்டுகள் கிடைக்கும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவற்றை வாங்கவும் வேண்டாம், அனுப்பச் சொல்லவும் வேண்டாம். அப்படியான உடையால் இலங்கையில் சட்டச்சிக்கல் வரலாம். எமது பகுதிகளில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே இருப்பவருக்கு என்ன நினைவு வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அளவும் பணமும்

ஜக்கெட்டை நின்றுகொண்டு அளக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து, கையை ஹாண்டிலுக்கு நீட்டிப் பாருங்கள். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறக்கூடாது. முதுகு இடுப்புக்கு மேலே தூக்கக்கூடாது. பிறகு யாரையாவது முழங்கைக் காப்பைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பை விட்டு அது வழுக்கிப் போனால் அளவு பெரிது.

முழுச் செலவுக்கும் வசதி இல்லாதவர்கள் படிப்படியாகப் போகலாம். முதலில் நல்ல தலைக்கவசம். அதற்குப் பிறகு கையுறை. விழும்போது முதலில் ஊன்றுவது கை, உழைப்பதும் கை. பிறகு குதிக்காலை மூடிய சப்பாத்து. நான்காவதாக ஜக்கெட். அதுவரைக்கும் தடித்த டெனிம் ஜக்கெட்டுக்குள் முழங்கைக் காப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடலாம். டெனிம் பெரிதாகத் தாங்காது. ஆனாலும் மெல்லிய சேர்ட்டை விட மேல்.

எந்த ஜக்கெட்டும் மாயக்கவசம் அல்ல. பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதினாலும், மரத்தில் அடித்தாலும் அது காப்பாற்றும் என்று எவரும் உறுதி தர முடியாது. குடித்துவிட்டு ஓடுபவரையும் அது காப்பாற்றாது. தினசரி நடக்கும் சறுக்கல்கள், மாட்டைக் கண்டு பிரேக் பிடித்து விழுவது, மணலில் வழுக்குவது போன்றவற்றில் எழுந்து தட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்பதைத்தான் அது பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பராமரிப்பு சுலபம். காப்புத் துண்டுகளை எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கையால் கழுவுங்கள். நிழலில் காயவிடுங்கள், நாள் முழுக்க வெயிலில் போட்டால் நைலோன் நூல் உக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புப் படிந்த சிப்புகளை அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசி மெழுகு பூசுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட காப்புத் துண்டை மாற்றிவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊருக்கு வரும் முன் தொலைபேசியில் கேட்பார்கள், என்ன கொண்டுவர என்று. சொக்லேற்றும் வாசனைத் திரவியமும் பனிக்கால ஜக்கெட்டும் வந்தது போதும். உங்கள் மார்பு அளவையும் கை நீளத்தையும் எழுதி அனுப்பி, மோட்டார் சைக்கிளுக்கான வலை ஜக்கெட், லேபலில் ஈஎன் 17092, ஏஏ அல்லது ஏ வகுப்பு, மட்டம் 2 காப்பு என்று சொல்லுங்கள். அங்கே பாவித்த ஜக்கெட்டுகளும் குறைந்த விலையில் கிடைக்கும். விழுந்து தேய்ந்த அடையாளம் இல்லாததாகப் பார்த்து எடுத்தால் போதும். ஊரில் இருக்கும் தம்பியோ தங்கையோ மச்சானோ தினமும் எந்த வீதியில், எத்தனை மணிக்கு ஓடுகிறார்கள் என்பதையும் அப்போது கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.